இறகில்லாத இந்தியர்கள்

வர்க்கி கொலோன் நகரத்துக்கு வந்து நாலாவது குளிர்காலம் அது. மகள் பீனாவுக்கு மூன்றரை வயது.

அதற்கு முன்னால் அவன் கேரளத்தில், பாலாவில் ஒரு டுட்டோரியல் காலேஜில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தான். ஜெர்மனியில் நர்ஸாக இருந்த த்ரேஸ்யா ஆறு வார லீவில் ஊருக்கு வந்தாள். மூன்றாவது வாரம் பெண் பார்த்தார்கள், ஐந்தாவது வாரம் கல்யாணம். அவள் திரும்பிப் போய் ஏழு மாதம் கழித்து அவனுக்கு விசா வந்தது. விமான நிலையத்தில் மாலை போட்டு அனுப்பியவர்கள் யாருக்கும், ஏன் அவனுக்குமே, அந்த விசாவின் அடியில் இருந்த ஒரு வரியின் அர்த்தம் தெரியாது. கொலோனுக்கு வந்த பிறகு த்ரேஸ்யாதான் படித்துச் சொன்னாள். கணவனாக வந்து தங்கலாம். வேலை பார்க்கக் கூடாது.

பீனா பிறந்து எட்டு வாரத்தில் த்ரேஸ்யா வேலைக்குத் திரும்பினாள். காலை ஐந்தரைக்கு அவள் டிராம் ஏறினால் வீடும் குழந்தையும் வர்க்கியின் பொறுப்பு. பால் புட்டியைக் கொதிக்க வைப்பது, துணி அலசுவது, தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவன்தான். மணல்குழியைச் சுற்றிப் போட்டிருந்த பெஞ்சுகளில் பதினைந்து தாய்மார்களும் ஒரு வர்க்கியும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பேசமாட்டார்கள்.

ஊரில் அவனுடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்கு எழுதும் கடிதங்களில் வர்க்கி ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருந்தான். முதல் கடிதத்தில் கை தவறி எழுதிய பொய், அடுத்த கடிதத்தில் மேஜை நாற்காலி போட்டுக்கொண்டது. இரண்டாம் வருஷம் ஒரு பதவி உயர்வுகூடக் கொடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மலையாளப் பூசை முடிந்ததும் கோயிலின் கீழ்த்தளத்தில் நர்ஸ்களின் கணவன்மார்கள் எல்லோரும் சீட்டாட உட்காருவார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான். அதில் பைலி என்று ஒருவன், முண்டக்கயத்துக்காரன், சீட்டைவிட வாயை அதிகம் வீசுவான்.

"நம்ம ஊர்ல பொண்ணு கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவா. நாம கொஞ்சம் தூரமா, விமானம் ஏறி வந்துட்டோம். அவ்ளோதான்டா வித்தியாசம்" என்பான். வர்க்கிக்கு அவன் வைத்திருந்த பெயர், 'எம்.ஏ. படிச்ச ஆயா'.

அந்தப் பிப்ரவரியில் ஒருநாள் பீனாவின் கோட்டில் குத்தி அனுப்பியிருந்த ஒரு துண்டுச் சீட்டை வர்க்கி படித்தான். தவக்காலத்துக்கு முன்னால் அந்த ஊர் ஒரு வாரம் வேஷம் கட்டி ஆடும். பீனாவின் மழலையர் பள்ளியிலும் வியாழக்கிழமை கொண்டாட்டம். இந்த வருஷம் குழந்தைகள் எல்லோரும் 'இண்டியானர்' வேஷத்தில் வர வேண்டும், பெற்றோரும் வரலாம் என்று எழுதியிருந்தது.

வர்க்கி இரண்டு தடவை படித்தான். டீச்சர் உர்சுலா மறுநாள் வாசலில் சிரித்துக்கொண்டே, "பீனாவுக்குக் கஷ்டமே இல்ல, இல்லையா?" என்றாள். வகுப்பில் இருக்கும் ஒரே ஒரு வெளிநாட்டுக் குழந்தைக்காக முப்பது ஜெர்மன் குழந்தைகளும் இந்தியர்கள் மாதிரி உடுத்தி வரப்போகிறார்கள்! இந்த ஊரை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தோன்றியது.

மருத்துவமனையில் கழித்துப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. கீழ்வீட்டு கெஸ்லர் அம்மாளிடம் தையல் மிஷினை இரவல் கேட்டான். அந்த அம்மாள் போலந்துப் பக்கமிருந்து போர்க்காலத்தில் ஓடிவந்தவள். சும்மா பேச்சுக் கொடுக்கிறவள் இல்லை. மிஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கூடவே மாடியேறி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாலா பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டு வேட்டியும், மூன்றரை வயதுக் குழந்தையின் அளவுக்கு. முண்டின் பின்பக்கம் விசிறி மாதிரி மடிப்பு விழ வேண்டும். வர்க்கி நான்கு தடவை பிரித்து நான்கு தடவை மடித்தான்.

"இத்துனூண்டு பாவாடைக்கு இவ்வளவு மடிப்பா?" என்றாள் கெஸ்லர் அம்மாள்.

"எங்கம்மா கட்டுறது இப்படித்தான்."

"உங்கம்மா உக்கார்றப்போ குத்தாதா?"

கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் த்ரேஸ்யாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அச்சுமுறுக்கு அச்சை எடுத்து ஐம்பது அச்சப்பம் சுட்டான். வியாழக்கிழமை காலை பீனாவுக்கு உடுத்திவிட்டான். பித்தளைக் கம்பியை வளைத்து மேல்காதில் தொங்கும் குணுக்கு செய்து மாட்டினான். எல்லோரும் உடுத்தி வருகிறபோது தான் மட்டும் கால்சட்டையில் நிற்பதா என்று, கல்யாண ஜிப்பாவையும் சரிகைக் கசவு வைத்த இரட்டை முண்டையும் எடுத்துக் கட்டினான். மேல்துண்டைத் தோளில் போட்டான். அதற்கு மேல் குளிர்க்கோட்டு போடும் முன், கெஸ்லர் அம்மாள் படிக்கட்டில் நிற்கவைத்துத் தன் கேமராவில் இருவரையும், பீனாவின் விசிறி மடிப்பு தெரியும்படி, ஒரு படம் எடுத்தாள்.

பள்ளியில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அச்சப்ப டின்னை ஒரு கையிலும் பீனாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவன் கதவைத் திறந்தான்.

முப்பது குழந்தைகள். தலையில் இறகு, கன்னத்தில் சிவப்புக் கோடு, கையில் அட்டைக் கோடாலி, வில், அம்பு. நடுவே துணியால் ஒரு கூம்புக் கூடாரம். ஊளையிட்டுக்கொண்டு அதைச் சுற்றி ஓடினார்கள்.

ஜெர்மன் மொழியில் இந்தியாக்காரனுக்கு ஒரு சொல், அமெரிக்கச் செவ்விந்தியனுக்கு வேறொரு சொல் என்பது வர்க்கிக்கு அந்த நிமிஷம் புரிந்தது. உர்சுலாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் முகம் காதுவரை சிவந்தது.

"ஐயோ, பீனா அப்பா... நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். நீங்க இப்படி..."

ஒரு பையன் வந்து வர்க்கியை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ரொட்டி சுடுறவனா?"

பீனா எல்லோர் தலையையும் பார்த்தாள். தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வீறிட்டாள். "பப்பா, நாமளும் இந்தியாதானே? எனக்கு மட்டும் ஏன் இறகு இல்ல?"

உர்சுலா ஓடிப்போய் ஒரு பச்சைக் காகித இறகை ரப்பர் பட்டையில் சொருகிக் குழந்தையின் தலையில் மாட்டினாள். அழுகை டக்கென்று நின்றது. வெள்ளை முண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீனா அந்தக் கூட்டத்தில் ஊளையிட்டுக்கொண்டு ஓடினாள். பின்னால் விசிறி மடிப்பு ஆடியது. வர்க்கி டின்னை மேஜையில் வைத்தான், மத்தியானம் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னான், கோட்டை மறந்து தெருவுக்கு வந்துவிட்டான்.

அந்த வியாழன் அந்த ஊரில் பெண்களின் நாள். பெண்கள் கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி, கண்ணில் படும் ஆண்களின் கழுத்து டையை வெட்டிவிட்டு முத்தம் கொடுப்பார்கள். திருப்பத்தில் ஆறேழு பேர் வர்க்கியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடேயப்பா, என்ன வேஷம் பாருங்கடி!"

"இவருக்குத்தான் முதல் பரிசு. எங்க வாடகைக்கு எடுத்தீங்க?"

"டை இல்லையே. எதை வெட்டுறது?"

"வேஷம் இல்ல" என்றான் வர்க்கி. "இது என் துணி."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி அவன் தோள்துண்டின் நுனியைப் பிடித்துக் கசவோடு நாலு விரல் அகலம் வெட்டினாள். இரு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். போய்விட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கோபப்படக்கூட இடம் வைக்காமல் போய்விட்டார்களே.

சாயங்காலம் த்ரேஸ்யா வந்தபோது அவன் இன்னும் முண்டோடு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பீனா இறகோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்கக் கேட்க த்ரேஸ்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி. நாலு வருஷத்துல மொத தடவை என் துணிய உடுத்தினேன். அதப்போய் வேஷங்குறாங்க."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஷூவைக் கழற்றியபடி சொன்னாள். "அச்சாயா, வார்டுல என் பேர் என்னன்னு தெரியுமா? தெரேசா. த்ரேஸ்யான்னு அவங்க வாய்ல வராதாம். நானும் எட்டு வருஷமா தெரேசான்னா திரும்பிப் பாக்குறேன். இப்ப யாராவது த்ரேஸ்யான்னு கூப்பிட்டா, ஒரு நொடி கழிச்சுத்தான் நான்தான்னு தெரியுது."



"நான் ஊருக்கு எழுதுறனே, கம்பெனி ஆபீசர்" என்றான். "அவன் யாருடி?"

"அவனை எனக்குத் தெரியாதுப்பா. நான் கட்டிக்கிட்டது வேற ஆளு. நல்லா மீன்கறி வைப்பான்."

அந்த வாரமே அப்பாவுக்கு எழுதினான். வேலை இல்லை, இதுவரை இருந்ததும் இல்லை, குழந்தையை நான்தான் வளர்க்கிறேன், இதோ நான் தைத்த துணி என்று, கெஸ்லர் அம்மாள் எடுத்த படத்தையும் வைத்து.

பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரிதான். 'கடிதம் கிடைத்தது, விவரம் தெரிந்தது.' அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் எழுதவில்லை. ஆனால் அந்தத் தாளின் பின்பக்கம் பென்சிலில் பெரிய பெரிய எழுத்தில் அம்மா எழுதியிருந்தாள். நாலாம் வகுப்போடு நின்றவள், அவனுக்கு அதுவரை ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

'மோனே, நான் மடிப்பு எடுப்பதை நீ எப்போது பார்த்தாய்? உன் அக்காமார் மூன்று பேருக்கும் இது வரவில்லை. படத்தில் மடிப்பு இடப்பக்கம் சரிந்திருக்கிறது. துணிக்குக் கஞ்சி போதாது. குழந்தைக்கு முடி அடர்த்தி, எண்ணெய் மாற்றாதே.'

அடுத்த வசந்தத்தில் அவனுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கும் வேலை, இருபத்தேழு வருஷம். பைலியின் மனைவிக்கு விசா நீட்டிக் கொடுக்கவில்லை. அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கெஸ்லர் அம்மாளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது வர்க்கிக்கு எழுபத்தாறு. டிராமில் அந்தப் பழைய தெருவைத் தாண்டும்போதெல்லாம் அவர் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்ப்பார். அந்த இரண்டு அறையில் மீன்கறி கொதிக்க, ஈரத்துணி ஹீட்டரில் காய, பீனா தரையில் தவழ்ந்த அந்த வருஷங்களில் அவர் வெட்கத்தில் குன்றிப்போயிருந்தார். அந்த வருஷங்களுக்காகத்தான் இன்று மனம் ஏங்குகிறது. அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

போன ஈஸ்டருக்கு பீனா ஹாம்பர்க்கிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பழைய பேச்சு வந்தது.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் பீனா. "பச்சை இறகு. அம்மா என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க."

வர்க்கி குனிந்து மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நானா?" என்றாள் த்ரேஸ்யா. "நான் அன்னைக்கு டியூட்டில இருந்தேன்டி."

"அப்ப யார் கூட்டிட்டுப் போனது?"

"பப்பாதான். தினமும் பப்பாதான்."

பீனா அவரைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண், கையில் கரண்டியோடு, மனசுக்குள் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"எல்லா நாளுமா பப்பா?"

"அப்படிச் சொல்லக் கூடாது மோளே" என்றார் வர்க்கி. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ உங்கம்மா ரெண்டு நாள் வந்திருக்கா."