ரெண்டாயிரத்துப் போத்தல்

மகேந்திரன் வியாழக்கிழமையே அந்தப் போத்தலை நிமிர்த்தி வைத்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடந்த போர்ட் வைனில் கசடு இருக்கும். அது அடியில் இறங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆகவே ஏதோ கோபத்தில் திறந்துவிட்டேன் என்று பிறகு சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியில்லை. ஆற அமர யோசித்துச் செய்த காரியம். கோபமும் இல்லை. மகள் விஷாலினி இஸ்கந்தரைக் கட்டிக்கொள்வதற்காக இஸ்லாத்துக்கு மாறிய நாளிலிருந்து, மூன்று மாதமாக, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

போத்தலின் வருஷம் இரண்டாயிரம். விஷாலினி பிறந்த வருஷம். அவளுக்கு மூன்று வயதானபோது லங்காவியில் வாங்கி, இவள் கல்யாணத்தில்தான் திறப்பேன் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர். இதோ, கல்யாணம் வந்துவிட்டது. ஞாயிறு மதியம் ஜெராமில் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. ஆனால் அவள் இனி அதைத் தொடமாட்டாள். காலையிலேயே புடவை கட்டிக்கொண்டு நின்ற லீலாவதி, வருகிறீர்களா இல்லையா என்று புருஷனிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். இல்லை என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் போர்ட் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஒருவர் போத்தலைத் திறந்தால் மருந்துக் குப்பிகளில் ஊற்றி மற்ற ஐவருக்கும் கொடுத்தாக வேண்டும். குப்பியில் எண் மட்டும் இருக்கும். எந்த வருஷம் என்று நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் அளவுக்குக் குடித்துவிட்டு, அதன் ருசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். குடிகாரர்களுக்கு இவர்களைக் கண்டால் சிரிப்பு. குடிக்காதவர்களுக்கு இவர்களும் குடிகாரர்கள்தான்.

லீலாவதி போனதும் மகேந்திரன் போத்தலைத் திறந்து, துணியில் வடிகட்டி ஐந்து குப்பிகளை நிரப்பினார். பிறகு தானும் ஒரு மடக்குக் குடித்தார். இனிப்பு என்று தெரிந்தது. இன்னொரு மடக்கு. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

தன் குப்பியை வாங்க முதலில் வந்தவர் ஈஜோக்கிலிருந்து தேவதாஸ், ஓய்வு பெற்ற வாத்தியார். இது எந்தப் போத்தல் என்றோ, இன்று என்ன நாள் என்றோ அவருக்குத் தெரியாது. வீடு வரை பொறுக்காமல் அங்கேயே குப்பியைத் திறந்து முகர்ந்தார், வாயில் உருட்டினார், கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாயிரம். நல்ல வருஷம் சார்."

மகேந்திரன் தலையை ஆட்டினார்.

"இன்னும் இருவது வருஷம் தாங்கும் லா. என்ன அவசரம்னு இப்பவே தொறந்தீங்க?"

கேட்டது வைனைப் பற்றித்தான். மகேந்திரனுக்குப் பிள்ளையைப் பற்றிக் கேட்டதாகப் பட்டது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை மூன்றே மாதத்தில் முடிந்து போனவளாக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. குப்பிகள் எல்லாவற்றையும் தேவதாஸ் கையிலேயே கொடுத்து மற்றவர்களிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்தார்.

ஜெராமில் பந்தலுக்கு எதிரே, மரத்தடியில் காரை நிறுத்திக் கதவில் கை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வாயில் வைன் வாடை. இந்த வாயோடு அந்த வாசலில் போய் நின்று சம்பந்தியிடம் எப்படிப் பேசுவது? திரும்பிவிடலாம் என்று சாவியைத் திருகினார்.

அதற்குள் விஷாலினி பார்த்துவிட்டாள். கல்யாண உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினால் வாடை அடிக்கும். இறக்காவிட்டால் அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைப்பாள். அவள் முகம் அப்படி நினைக்கத் தொடங்கிவிட்டதைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என் போத்தலாப்பா?"

"ம்."

"எப்பிடி இருந்துச்சி?"

ஒரு பக்கம் எழுதக்கூடியவர். "ஒன்னுமே தெரியலம்மா," என்றார்.

அவள் பந்தலுக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மரத்தடியில் குனிந்து மூன்று முறை வாய் கொப்பளித்துத் துப்பினார். முடியும்வரை, பந்தலிலிருந்து யாரும் பார்க்காதபடி, அவள் அவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.