போர்டு இருக்கிற வரைக்கும்

குமுதினி கூந்தல் தைலத்துப் பெண்ணை மாட்டு வண்டியில் துண்டு துண்டாகத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் முகம், பிறகு கழுத்தும் தோளும், கடைசியாக அந்தக் கூந்தல். அவ்வளவு பெரிய விளம்பரப் போர்டு, கூந்தலுக்கு மட்டுமே நாலு தகரம்! செங்கல்பட்டு ஏரிக்கரையை ஒட்டி, முனிசிபாலிட்டி புறம்போக்கில் கம்பங்கள் நட்டு, ரயில் பாதையைப் பார்த்தாற்போல் அவளை ஏற்றிக் கட்டினார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெசிந்தா வீட்டுக்குப் போகிற வழியில் நின்றாள். தைலத்துக்காரியின் அழகை ஊரார் பார்த்துக்கொள்ளட்டும். இவள் கண் போனது போர்டுக்குப் பின்னால், ஆட்கள் கொத்திச் சமன் செய்துகொண்டிருந்த தரை மேல்.

மெட்ராஸிலிருந்து வருகிற வண்டியெல்லாம் சிக்னல் கைகாட்டி இறங்கும் வரை அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? தைலக் கம்பெனிக்காரன் அதை யோசித்துத்தான் வந்தான். இடம் ஊருடையது, வாடகையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் என்று தீர்மானமாயிற்று. வக்கீல் பாஷ்யத்தைச் செக்ரட்டரியாகப் போட்டு ஒரு விளையாட்டுச் சங்கமும் முளைத்துவிட்டது. வாலிபாலுக்கு ஒரு களம், பூப்பந்துக்கு ஒரு களம். போர்டின் முதுகை ஒட்டி மிச்சமிருந்த துண்டு நிலத்தைச் சும்மா விடுவானேன் என்று ரப்பர் வளையம் எறிகிற ஆட்டத்துக்குக் கோடு போட்டு, ஒரு பழைய வலையையும் கட்டிவிட்டார்கள். சங்கத்து ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது.

ஜெசிந்தாவுக்குத் தெரியும். டிரெயினிங் ஸ்கூல் போர்டிங்கில் இருந்தபோது ஜெபத்துக்கு மணி அடித்த பிறகும் ஆடி, சிஸ்டரிடம் திட்டு வாங்கியவள். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்; அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் கை வீசி ஓடியது என்றால் அந்தப் போர்டிங்கில்தான். பரிசாகக் கிடைத்த வளையம் ஒன்று கல்யாணப் புடவைக்கு அடியில் இன்னும் பெட்டியில் இருந்தது. அவ்வப்போது எடுத்து மோந்து பார்ப்பாள். கைகாட்டி மராமத்துக் கோஷ்டியில் வேலை பார்த்த அவள் புருஷன் சாலமோன் அதைப் பார்த்துவிட்டால் விடமாட்டான்.

"இன்னா, இன்னும் அத்த மோந்துகினு கீறே? ரெண்டு புள்ள பெத்தாச்சு!"

பெற்றால் என்ன? ஆசை, பிள்ளை பிறந்ததும் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுமா? இரண்டு இரவு புரண்டு படுத்துவிட்டு, மூன்றாம் நாள் பாஷ்யம் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆபீஸ் விடுவதற்கு முன்னால், களம் காலியாகத்தானே கிடக்கிறது, பெண்கள் கொஞ்ச நேரம் ஆடிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

பாஷ்யம் பொல்லாத மனிதர் இல்லை. சங்கடப்பட்டார். "நீங்க கேக்கறது நியாயம்தான் டீச்சர். ஆனா ரயில்ல போறவா அத்தனை பேரும் பார்ப்பாளே? பொம்மனாட்டிகள் குதிச்சு ஆடறதை ஊரே வேடிக்கை பார்க்கணுமா?"

ஊரே வேடிக்கை பார்க்கத்தானே ஒருத்தியைத் தலையை விரித்துப் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஜெசிந்தா விழுங்கிக்கொண்டாள். அப்போது உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், அவசரமாக, "போர்டுதான் மறைக்கிறதே!" என்றது.

பாஷ்யம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. போர்டு இருக்கிற வரைக்கும் ஆடிக்கோங்கோ" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் குரலுக்குரியவளே களத்துக்கு வந்தாள். பாஷ்யத்தின் மனைவி வத்சலா. கோவிலுக்குப் போகிற சாக்கில் கையில் பூக்கூடை. "காலேஜ்ல ஆடியிருக்கேன், டீச்சர். படிப்பைப் பாதியில நிறுத்தினப்போகூட அழலை. ஆட்டம் போச்சேன்னுதான் அழுதேன்" என்று சொல்லிவிட்டு, கூடையைக் கரைமேல் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அடேயப்பா, அந்தச் சாயங்காலங்கள்! வெயில் மேற்கே இறங்க, போர்டின் நிழல் களம் முழுக்க விழும். அந்தப் பக்கம் வண்டி வந்து நிற்கும். முறுக்கு விற்கிறவன் குரல்கூடக் கேட்கும். தைலத்துக்காரி அத்தனை பேருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் இவர்கள் இருவரும் வேர்க்க வேர்க்க ஆடினார்கள். முதல் நாள் 'டீச்சர்', 'அம்மா' என்றுதான் இருந்தது. வளையம் வேகம் பிடித்ததும் மரியாதைக்கு ஏது நேரம்? "வத்சலா, புடி!" என்பாள் ஜெசிந்தா. "ஏய் ஜெசிந்தா, அது கோட்டுக்கு வெளியில, ஏமாத்தாதே!" என்பாள் அவள். ஒரே வளையம் இருவர் உள்ளங்கையிலும் மாறி மாறிச் சூடாகும். ஆட்டம் முடிந்து நிழலை விட்டு வெளியே வந்தால், "வரேன் டீச்சர்", "சரிங்கம்மா." ஒருத்தி அக்கிரகாரத்துப் பக்கம், ஒருத்தி ரயில்வே லைன் பக்கம். அந்த வாசலில் ஜெசிந்தாவுக்கு அதன் பிறகும் ஒருநாள் தண்ணீர் கிடைத்ததில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த நிழலில் ஒரு மணி நேரம். அதற்காக ராத்திரியே பாதிச் சமையலை முடித்துவைத்தாள்.

மழைக்காலம் கழிந்து ஒரு நாள் சாலமோன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அந்தக் கைகாட்டிய அப்பால தள்ளி நடப் போறாங்கோ. இனிமே வண்டி ஏரியாண்ட நிக்காது."

"நின்னா இன்னா, நிக்காட்டி இன்னா?" என்றவளுக்கு, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வண்டி நிற்காத இடத்தில் தைலக்காரனுக்கு என்ன வேலை? குழம்புக் கரண்டி கையிலேயே நின்றது. "நீங்களும் அந்த வேலைக்குப் போறீங்களா?"

"போவாம? நா இன்னா பண்ணட்டும் ஜெசிந்தா, மேலேந்து ஆர்டரு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தான்.

கைகாட்டி நகர்ந்தது. கம்பெனிக்காரன் வண்டியோடு வந்தான். முதலில் கூந்தல், பிறகு தோள், கடைசியாக முகம். இனி வலை கிழிந்தால் எந்தப் பணத்தில் வாங்குவது என்று சங்கத்தார் கூடிப் பேசினார்கள். வேறு எந்தக் கம்பெனியைப் பிடிக்கலாம் என்றும் பேசினார்கள். வத்சலா கரையோடு நின்று, "அவர் வேண்டாம்ங்கறார், டீச்சர்" என்றாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

வத்சலா பூக்கூடையைப் பார்த்தாள். "நான் என்னத்தைச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

ஜெசிந்தா வளையத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பூட்டினால் ஆயிற்றா? வகுப்பில் கணக்குப் போடும்போது கை தானாகச் சுழன்றது. பிள்ளைகள் சிரித்தன. வீட்டில் சட்டி உடைந்தது. அநியாயமாக இருந்தது அவளுக்கு, தகரத்தில் இருந்தவளுக்குக் கிடைத்த இடம்கூட உசிரோடு இருப்பவளுக்குக் கிடையாதா என்று இருந்தது. கடைசியில் சாலமோன்தான் பெட்டியைத் திறந்து வளையத்தை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"போ, ஆடு. வண்டில போறவன் இன்னா, எறங்கி வந்தா உன்னப் புடிக்கப் போறான்?"

போனாள். போர்டு இல்லாத களத்தில் வெயில் நேராக அடித்தது. வெறும் கம்பங்கள் மட்டும் நின்றன. அந்தப் பக்கம் தண்டவாளம், இந்தப் பக்கம் கரை, நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. கால் கூசியது. வளையத்தை எதிர்ப்பக்கம் எறிந்தாள், சுற்றிப் போய் எடுத்தாள், மறுபடி எறிந்தாள். தனியாக ஆடினால் இது என்ன ஆட்டம்? வளையத்தைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

கரைமேல் வத்சலா. கையில் பூக்கூடை, வெயிலுக்குத் தலையில் முந்தானை, போகவுமில்லை, இறங்கவுமில்லை. தெற்கே புகை தெரிந்தது. மெட்ராஸுக்குப் போகிற வண்டி, ஆடி அசைந்து, ஏரிக்கரை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். போர்டு இருந்த இடத்தைத் தேடுகிறவர்கள்போல எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள்.

வெட்டவெளியில் வைத்து ஜெசிந்தா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"வத்சலா!" என்று கத்தினாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரல் போகவேண்டுமே, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "வத்சலா, புடி!"

வளையம் வலைக்கு மேலே எழும்பி வெயிலுக்குள் போனது. கண் கூச, கையை நெற்றிக்குக் குடைபோல் வைத்துக்கொண்டு ஜெசிந்தா பார்த்தாள். பெட்டி பெட்டியாக ரயில் கடந்துகொண்டிருந்தது. கரைமேல் பூக்கூடை தனியாக இருந்தது.