விருந்தாளிகளும் பிசிறுக் கட்டும்

பெண்களின் உழைப்பை ஆராய்கிற இரண்டு பேராசிரியைகள் வெளிநாட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார்கள். இங்க்ரிட்டுக்கு ஸ்வீடன், மிலாவுக்கு மணிலா. அது மகளிர் ஆண்டு என்பதால் மாலை போடவும் கூடவே சுற்றவும் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால், திருப்பூரில் வீட்டிலிருந்தே பனியன் வேலை செய்கிற பெண்களைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. திருப்பூர்க்காரி என்று கடைசி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த வேதியியல் ஆய்வக உதவியாளர் நசீமா, "எங்க மாமி செய்யறாங்க, மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

திருப்பூர் ராயபுரத்தில் மாமியின் வீட்டுக்குள் இருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தபோது, தெரு மாறி வந்துவிட்டோமோ என்று நசீமாவுக்குத் தோன்றியது. எந்நேரமும் பஞ்சுத்தூசி பறக்கும் கூடம் கழுவித் துடைத்துக் கிடந்தது. இரவல் நாற்காலிகள் வரிசையாக நின்றன. முனவர் பேகம் மாமி பெருநாளுக்கு எடுத்த பட்டுப்புடவையில் இருந்தாள். பக்கத்து வீட்டு மயிலாளும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

நசீமா மாமியை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "மாமி, நூல் பிசிறு வெட்டற பனியன் பீஸெல்லாம் எங்கே?"

"மயிலா ஊட்டுல போட்டிருக்குது. பெரிய மனுசங்க வர்ற ஊட்டுல நூலும் குப்பையுமா வெச்சிருப்பாங்களா?"

"அதைப் பாக்கத்தானே வர்றாங்கன்னு போன வாரமே சொன்னேனே."

"நீ சொல்லுவ. கியாசுதீன் பொண்டாட்டி கூலிக்கு நூல் வெட்டறாள்னு சீமை வரைக்கும் போகோணுமா? உங்க மாமா மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்குவாரு? போ, போயி அவங்ககூட உக்காரு."

நெய்ச்சோறும் கறியும் ஆயின. மாமி இருவரின் இலையையும் காலியாக விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் இங்க்ரிட் பேனாவைத் திறந்து, வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். நசீமா தமிழில் சொன்னாள்.

"வேலையா? எனக்கென்னுங்க வேலை. சோறாக்கிப் போட்டுட்டு ஊட்டுல சும்மாத்தான் இருக்கறேன்."

"நானும் அப்படித்தானுங்க" என்றாள் மயிலாள், கேட்காமலே.

நசீமா சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னாள். இங்க்ரிட் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை ரயிலில் இருவரும் சென்னைக்குப் போய்விடுவார்கள். திருப்பூர்ப் பெண்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்பது அந்தத் தாளோடு கூடவே போய்விடும். அவர்களை இங்கே அழைத்து வந்தவள் அவள்தான்.

மாமியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசும் தைரியம் அவளுக்கு இல்லை. எழுந்து மயிலாள் வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கடியில் இருந்த மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கழுவிய கூடத்தின் நடுவில் அவிழ்த்துப் போட்டாள். வெள்ளைப் பனியன்களும் நான்கைந்து கத்தரிகளும் சரிந்து விழுந்தன. தையல் ஓரமெல்லாம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏ கண்ணு, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றாள் மாமி, சிரித்த முகத்தை விருந்தாளிகளுக்காக அப்படியே வைத்துக்கொண்டு.

நசீமா தரையில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். மாமியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மிலா நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டாள். "எங்கள் வீட்டில் இப்படித்தான் துணி குவிந்து கிடக்கும். அம்மா பூவேலை செய்வாள், நான் ஓரம் மடிப்பேன்" என்று சொல்லி இன்னொரு கத்தரியை எடுத்தாள். இங்க்ரிட் நெடிய காலை எங்கே மடக்குவதென்று தெரியாமல் திணறி, கடைசியில் சுவரில் சாய்ந்து நீட்டிக்கொண்டாள்.

மாமி தவித்துப் போனாள். "ஐயோ, வேண்டாம்னு சொல்லு கண்ணு. விருந்துக்கு வந்தவங்க வேலை செய்ய, ஊட்டுக்காரி நின்னு வேடிக்கை பாக்கறதா?"

நசீமா அதையும் மொழிபெயர்த்தாள். மிலா சிரித்தாளே தவிர எழவில்லை. வேறு வழியில்லாமல் மாமி பட்டுப்புடவையை முழங்காலுக்கிடையில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே மயிலாளும் உட்கார்ந்தாள்.

கைகள் ஓட ஆரம்பித்த பிறகு வாய் தானாகத் திறந்தது. எந்தக் கம்பெனி பீஸ் மோசம், யார் கூலியைத் தள்ளிப்போடுகிறார், குழந்தை தூங்கும்போது எப்படி வெட்டுவது என்று எல்லாம் வந்தது. நசீமாவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"அந்தம்மா ஊட்டுக்காரர் சமையல் பண்ணுவாருங்களா, கேளு" என்றாள் மயிலாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வார், வாயில் வைக்க முடியாது என்றாள் இங்க்ரிட்.

"அட, எங்கூட்டுது அதுகூடப் பண்றதில்லீங்க. உங்குளுது தேவலை."

சிரிப்பு அடங்கியதும் மிலா மெதுவாகக் கேட்டாள். சும்மா இருக்கிறேன் என்று சொன்னீர்களே, இது வேலை இல்லையா?

மாமி கத்தரியை நிறுத்தினாள். "வேலைன்னா கம்பெனிக்குப் போறதுங்க. இது வேலையில்லாத நேரத்துல செய்யறது." சொல்லிவிட்டு, தானே சொன்னதைத் தானே கேட்டவள்போலப் பனியன் குவியலைப் பார்த்தாள். "அப்படிப் பாத்தா எனக்கு வேலையில்லாத நேரமே இல்லையே, மயிலா."

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள் மயிலாள்.

இங்க்ரிட் முன்பு எழுதிய வரியை அடித்துவிட்டு நசீமாவைப் பார்த்தாள். மாமியின் வேலையை எழுதலாமா, விருப்பமில்லையென்றால் பேரை விட்டுவிடலாம் என்றாள். நசீமா அதை மாமியிடம் சொன்னாள்.

மாமி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மாமா கடையிலிருந்து வரும் நேரம்தான். பிறகு மடியில் கிடந்த பனியனைத் திருப்பி அடுத்த நூலைத் தேடினாள்.

"பேரையும் எழுதிக்கட்டும் கண்ணு. ஆனா அப்பறமா எழுதச் சொல்லு. இருட்டறதுக்குள்ள கம்பெனி ஆளு பீஸ் எடுக்க வந்துருவாரு. அந்தம்மா பங்கு அப்படியே கெடக்குது பாரு."

நசீமா ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். இங்க்ரிட் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கத்தரிக்குக் கை நீட்டினாள்.