பெடலில் இருந்த கால்கள்

வாலில் சின்னச் சக்கரம் வைத்த விமானம் ஆகாயத்தில் பரம சாது. தரையைத் தொட்டதும்தான் குணத்தைக் காட்டும். பக்கக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், பின்னால் வர வேண்டிய வால் முன்னால் வரப் பார்க்கும். கால் பெடலை மிதித்துத்தான் அதை நேராக்க வேண்டும்.

"வண்டி நிக்கிற வரைக்கும் கால் தூங்கக் கூடாது" என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

இன்றும் காற்று விட்டு விட்டு அடித்தது. தனியாக விமானத்தைத் தரையிறக்கி, வியர்த்து வழிந்து, கொட்டகை வாசலில் எஞ்சினை நிறுத்தினான். அவள் அங்கே நின்றிருந்தாள். ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறாள், முன் இருக்கையில் கிடந்த தன் மெத்தையை எடுத்துப்போக. உயரம் போதாததால் அவளே தைத்துப் போட்டுக்கொண்ட மெத்தை.

"பம்பர அண்ணி வந்துட்டாங்க!" என்றான் மெக்கானிக். "சாட்டை எடுத்துட்டு வரவா?"

அவள் சிரித்து வைத்தாள். அந்தப் பெயர் வந்ததே கணவனால்தான். போன வருடம் கடைசியாக வந்த அன்று விமானத்தை அவள்தான் இறக்கினாள். மூக்கு இடப்பக்கம் விலகியதும் வலது பெடலை அளவாகத்தான் மிதித்தாள். பின் இருக்கையில் இருந்த அவன் பயந்துவிட்டான். தன் பங்குக்கு அவனும் அதே பெடலை ஓங்கி மிதித்தான். விமானம் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசியது. "யாருண்ணே ஓட்டினது?" என்று மெக்கானிக் ஓடி வந்தபோது, "எங்க வீட்டம்மாதான்" என்று சொல்லிவிட்டான்.

"அன்னிக்குச் சுத்த விட்டது அவ இல்லப்பா" என்றான் இப்போது. "நான்தான்."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது.

அவள் மட்டும் திடுக்கிடவில்லை. "ரெண்டு பேர் பெடலும் சேர்ந்துதானே ஆடும்? நீங்க மிதிச்சது என் காலுக்குத் தெரியாதாங்க?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"வீட்டுக்குப் போனதும் நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். மறுநாள் சொல்வீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நெனைக்கிறதையே விட்டுட்டேன்."

"இப்ப ஏறிக்கோ. நான் காலை மடக்கி வச்சுக்கறேன். தொடவே மாட்டேன்."

அவள் முன் இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எட்டி மெத்தையை எடுத்து, தூசி தட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"காத்து ஜாஸ்தியா இருக்குங்க" என்றாள். காற்றைக் காரணம் காட்டுகிறவள் இல்லை அவள். "கார்ல இருக்கேன். மெதுவா வாங்க."

அவள் போகும் திசையையே பார்த்துக்கொண்டு அவன் விமானத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே" என்றான் மெக்கானிக் தயங்கி. "வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு. பெடல்ல இருந்து காலை எடுங்க."