கடைசிக் குழாயில் அக்கா

பரிசோதனைக்கூடத்தில் அவளைச் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து ஒரு சொட்டுக் கூடிவிட்டாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். காயத்தின்மேல் ஒட்டுவதற்காகச் செடித் தண்டிலிருந்து செய்த மெல்லிய ஏடுகள் அங்கே சோதனைக்கு வரும். ஏட்டை ஊறவைத்த நீரை மனிதத் தோல் செல்களின்மேல் விட்டு, மறுநாள் எத்தனை பிழைத்தன என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை.

அந்தச் செல்களுக்குத் தந்தவர் பெயர் கிடையாது, எண்தான். பதினேழாம் எண் யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த தோலை ஆராய்ச்சிக்குத் தரக் கையெழுத்துப் போட்டவள் அவளுடைய அக்கா. அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. செல்கள் மட்டும் புட்டிக்குள் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. தெரிந்தால் வேறு கைக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவள் மூச்சு விடவில்லை.

காலையில் செல்களை வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லையென்றால், “எழுந்தாச்சா?” என்று கேட்பாள். சில நாள், பதில் வந்துவிடுமோ என்று பயந்து கதவைச் சட்டென்று சாத்துவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை புது ஏடு வந்தது. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், மற்ற செல்களெல்லாம் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன. பதினேழு மட்டும் உருண்டு சுருண்டு மிதந்தது. கடைசி வாரங்களில் அக்காவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் கிடந்தாள்.

“வயசான செல்லும்மா அது. என்னை மாதிரி, தும்மினாலே சாயும்,” என்றார் தலைமை ஆய்வாளர். “அதை விட்டுட்டு மத்ததை வெச்சு எழுதிடு.”

“இளசா இருக்கறப்ப உறைய வெச்சது ஒரு குழாய் இருக்கு சார். அதுலயும் பாத்துடறேன்.”

“புட்டியில இருந்தது தீந்தாச்சு. அதோட பதினேழே தீந்துடுமே?”

“தீரட்டும் சார்.”

குழாயை வெதுவெதுப்பான நீரில் பிடித்து, உள்ளே உறைந்திருந்ததை உருக்கினாள். நாலே நாளில் செல்கள் துளிர்த்துப் பரவின, அத்தனை இளமை. ஐந்தாம் நாள் அவளே ஏட்டு நீரை விட்டாள். மறுநாள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒப்பிடுவதற்காக அந்த நீர் படாமல் வைத்திருந்தவையும், எண்ணுவதற்குச் சாயம் விட்டதோடு போய்ச் சேர்ந்தன.

துருவிப் பார்த்ததில், தண்டைக் கழுவிய சோப்பு ஏட்டில் தங்கியிருந்தது தெரிந்தது. மற்ற செல்கள் எதையும் தாங்கும் முரட்டு வகை. ஏடுகள் திரும்பிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புருஷனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை நாளா இருந்தாளா?”

“இருந்தா மாமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார்: “வலிச்சிருக்குமா?”

“இல்ல மாமா. செல்லுக்கு வலி தெரியாது.”

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி மடிக்கத் தொடங்கினார். அவள் ஒரு துண்டை எடுத்து, ஈரமே இல்லாத விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.