மேட்டில் ஏறாத வண்டி

ஆல்பி டிரெஸ்காட்டுக்கு எழுபத்தொரு வயது. யாரையும் நம்பமாட்டார். வானொலியில் மழை என்றால் கொட்டகையிலிருந்து கோணிப்பையை வெளியே எடுத்துக் காயப்போடுவார். ஆட்டு டாக்டர் ஊசி போட்டால் மருந்துப் புட்டியை வாங்கி முகர்ந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன் அந்த ஜனவரி மாதம் பதினோரு நாள் முட்டாளாகத் திரிந்தார். இதை அவரே ஊருக்குச் சொல்லும்படி ஆனது.

மேட்டு வயலில் அறுபத்திரண்டு பெண் ஆடுகள். அங்கிருந்த குட்டை வற்றிப்போயிற்று. கீழே ஆழ்குழாயில் தண்ணீர் இருக்கிறது. பழைய பிக்கப்பின் முதுகில் தொட்டியை ஏற்றி மேலே கொண்டுபோனால் ஆடு பிழைக்கும். ஆனால் வண்டி ஏறவில்லை. சமதரையில் இத்தனை மாதமும் காலியாக ஓடியதால் குறை தெரியவில்லை. இப்போது கால்வாசித் தொட்டியோடு பாதி மேட்டிலேயே முனகிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்தது. மேலே ஆடு குடிக்கிற தொட்டி நேற்றே காலி. அந்தத் தெற்குத் தேசத்தில் ஜனவரிதான் கோடை; இன்றைக்கு நாற்பத்துமூன்று டிகிரி. சாயங்காலத்துக்குள் தண்ணீர் போகவில்லையென்றால் நாளைக்குக் கழுகுக்குத்தான் விருந்து.

பக்கத்துப் பண்ணை லின்ட்சேயிடம் கேட்டால் அவனுடைய புது டீசல் வண்டி ஒரே மிதியில் ஏறிவிடும். ஆல்பி கேட்கவில்லை. மேலே வந்தால் ஆட்டை எண்ணுவான், வேலியைப் பார்ப்பான், பிறகு கிளப்பில் பேசுவான் என்பது அவர் கணக்கு.

ஆகவே தானே பார்த்தார். பிளக் நாலும் மாற்றினார். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பங்க்காரனைத் திட்டினார். டைமிங்கை, அதாவது பிளக்கில் நெருப்பு விழுகிற நேரத்தை, மட்டும் தொடவில்லை. அது தன் காதுக்குத் தெரியாமல் தப்பாகாது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தவர். அந்தக் காதுக்கு மூன்று வருஷமாகக் கொட்டகைக் கதவு கிறீச்சிடுவதே கேட்பதில்லை என்பது வேறு சமாச்சாரம்.

கடைசியில் நொரீன் வந்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், அந்தப் பஸ்ஸைத் தானே பிரித்துப் பூட்டுகிறவள். கையில் டைமிங் லைட்.

"அந்த விளக்கெல்லாம் பொய் சொல்லும்மா," என்றார் ஆல்பி.

"உன் காது மட்டும் சத்தியமாப் பேசுதாக்கும். தள்ளுய்யா."

வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தாள். முதல் பிளக் கம்பியில் லைட்டை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற புல்லியின் மேல் வெளிச்சத்தை அடித்தாள். அதில் புல்லியின் அடையாளக் கோடு நின்றாற்போலத் தெரிந்தது. ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

"பத்து டிகிரி லேட்டு. நெருப்பு எல்லாம் முடிஞ்சப்புறம் வருது. அப்புறம் எப்படி இழுக்கும்? கொதிக்காம என்ன செய்யும்? யாரோ டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பி வச்சிருக்காங்க."

ஆல்பிக்கு ஆள் உடனே கிடைத்துவிட்டான். போன தடவை ஆட்டுக் கம்பளி வெட்டும்போது, புது வண்டி வாங்குவதற்கு முன்னால், லின்ட்சே இந்த வண்டியை இரண்டு நாள் வாங்கிக்கொண்டு போனான். வண்டிக்குள் எட்டி ரேடியோ மைக்கைப் பிடுங்கினார். அந்த வட்டாரத்தில் எல்லாப் பண்ணையும் ஒரே அலைவரிசையில் பேசும். ஒருவர் தும்மினாலும் முப்பது வீட்டுக்குக் கேட்கும். அது தெரிந்துதான் பிடுங்கினார்.

"லின்ட்சே! என் வண்டி டைமிங்ல ஏண்டா கைய வச்ச? திருட்டுப் பயலே!"

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு லின்ட்சேயின் குரல்.

"பெருசு, நான் கைய வைக்கல. அன்னிக்கே சொன்னேன்ல, வண்டி செத்த பசு மாதிரி போகுதுன்னு? நீதான் விழுந்து விழுந்து சிரிச்ச."

சிரித்தது ஆல்பிக்கு ஞாபகம் இருந்தது. ஏன் சிரித்தோம் என்பதுதான் இல்லை.

நொரீன் இதற்குள், பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துவிடுகிற அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் கந்தைத் துணியால் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே இரண்டு நீலக் கோடு. ஆட்டு முதுகில் அடையாளம் போடுகிற மெழுகுக் கட்டியால் இழுத்தது. ஒன்று பழைய இடம், இன்னொன்று இப்போது நிற்கிற இடம்.

"ஊர்ல எல்லாரும் ஆட்டுக்குச் சிவப்புக் கோடுதான் போடுறாங்க. நீலம் யாருதுய்யா?"

நீலம் ஆல்பியுடையது. சிவப்பில் போட்டால் பக்கத்துக்காரன் ஆட்டோடு கலந்துவிடும் என்று நகரத்திலிருந்து பிரத்யேகமாக வரவழைத்தது.

அப்போதுதான் எல்லாம் வந்தது. லின்ட்சே வண்டியைக் கொன்றுவிடுவான், கால்பந்து மைதானத்தில் வட்டமடிப்பான் என்று பயந்து, கொடுப்பதற்கு முன்னால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வேகத்தைக் குறைத்துவிட்டார். திரும்ப வைக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று புத்திசாலித்தனமாகக் கோடும் போட்டார். வண்டி திரும்பி வந்ததும் சிரிக்க ஞாபகமிருந்தது, திருப்ப மறந்துவிட்டது.

"சரி, அந்த போல்ட்ட லூஸ் பண்ணு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நொரீன் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "முதல்ல ரேடியோவுல சொல்லு."

"ஆடு சாகுதும்மா!"

"அப்ப சீக்கிரம் சொல்லு."

அவரிடம் வேறு ஸ்பேனர்கள் இருந்தன. ஆனால் அந்த அளவு ஸ்பேனரைப் போன வாரம் கோபத்தில் பெட்ரோல் பங்க்கில் வீசிவிட்டு வந்திருந்தார். மேட்டைப் பார்த்தார். ஆடுகள் வேலியோரம் ஒன்றன் நிழலில் ஒன்று தலையைச் செருகி நின்றன. மைக்கை எடுத்தார்.

"லின்ட்சே... அது நான்தான். நீ வேகமா ஓட்டுவேன்னு நானே திருப்பி வச்சு, நானே மறந்துட்டேன். திருட்டுப் பயல்னு சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுட்டீங்கள்ல? சிரிங்க."

சிரித்தார்கள். பெயர் தெரியாத பொம்பளை ஒருத்திகூடச் சிரித்தாள்.

நொரீன் போல்ட்டைத் தளர்த்தி, கோட்டை நம்பாமல் லைட்டை அடித்தே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாள். ஆல்பி ஆழ்குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார். முழுத் தொட்டியோடு இரண்டாம் கியரில் வண்டி ஏறியது, ஒரு தடவைகூட முனகாமல்.

மேலே குழாயைத் திறந்ததும் ஆடுகள் அவரை இடித்துக்கொண்டு பாய்ந்தன. எண்ணினார். அறுபத்திரண்டும் இருந்தன. கிழட்டு ஆடு ஒன்று அவர் பாதத்தின் மேலேயே ஏறி நின்று குடித்தது. வலித்தது. அது குடித்து முடிக்கிறவரை அவர் காலை எடுக்கவில்லை.