எட்டாவது குழி

ஹுஸ்னாவுக்கு அது ஏழாவது வருடம். வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, மூன்றே வருடத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிடுவதாக அத்தாவிடம் சொல்லியிருந்தாள். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அவள் தகப்பனார் பீர் முகமது, நான்காவது வருடத்தோடு கேட்பதையே விட்டுவிட்டார். அம்மா நஸீராதான் பெருநாளுக்குப் பெருநாள், "இந்த வருசமாச்சும் முடிஞ்சிருமா?" என்பாள். முடிந்துவிடும் என்று இவளும் சொல்லி வைப்பாள்.

முடிக்க விடாதவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் பிராங்கிளின். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்த மாட்டார். பரீட்சை நேரத்தில் மாணவர்களுக்குத் தன் காசில் டீ வாங்கித் தருவார். ஆனால் ஹுஸ்னா ஆய்வேட்டை நீட்டும்போதெல்லாம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இன்னும் ஒரு பருவம் பாத்துருவோம்" என்பார். இடைப்பட்ட காலத்தில் இளநிலை மாணவர்களுக்கு அவருடைய செய்முறை வகுப்புகளை எடுப்பது அவள். விடைத்தாள் திருத்துவது அவள். அவருடைய திட்ட அறிக்கைகளுக்கு வரைபடம் போடுவதும் அவள்தான். அவள் போய்விட்டால் இதற்கெல்லாம் ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவருமே அதைப் பேசிக்கொண்டதில்லை.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சாணார்பட்டி வட்டாரத்துச் செவல் மண்ணில் சுண்ணாம்பு எந்த ஆழத்தில் போய்ச் சேர்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஏழு ஊர்களில் ஏழு குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று, மண் அடுக்கடுக்காக இறங்கும் விதத்தை அளந்து எழுதியிருந்தாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஆகஸ்டோடு முடிகிறது. மார்ச்சில் பிராங்கிளின் அந்த அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு, "ஏழு பத்தாது ஹுஸ்னா. எட்டா ஆக்கிரு" என்றார். எட்டு ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒன்பது என்பாரோ என்ற பயம்.

எட்டாவது குழிக்கு இடம் பார்த்தவர் துறையின் களப் பணியாளர் பாக்கியராஜ். ஒச்சம்மாள் என்பவரின் நிலம். ஐம்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். இரண்டு ஏக்கரில் மல்லிகையும் வெங்காயமும் போட்டுத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் சாயங்காலமே ஜேசிபியை விட்டு ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, ஒரு பக்கம் படி வெட்டி வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஹுஸ்னா வந்து பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. தோண்டிய மண் முழுவதும் குழியின் விளிம்பிலேயே மலையாகக் குவிந்து கிடந்தது. இரண்டடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும் என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லித் தருபவளே அவள்தான். அடுத்தது, பக்கத்து மல்லிகைப் பாத்திக்கு அன்று தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். குழியின் அந்தப் பக்கத்துச் சுவர் ஈரமாக மின்னியது. மண்ணைத் தள்ளிப் போடச் சொன்னால் அரை நாள் போய்விடும். மறுநாள் காலை பிராங்கிளினின் வகுப்பு வேறு. ஒரு மணி நேர வேலைதானே என்று நினைத்தாள்.

மாதிரி அள்ளும் துணிப்பைகளை மறந்துவிட்டு வந்திருந்தார் பாக்கியராஜ். "செத்த நேரத்துல வந்துர்றேன் மேடம்" என்று சாணார்பட்டிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சுண்ணாம்பு இருக்கிறதா என்று சோதிக்கும் அமிலம் சிந்திவிடக் கூடாதே என்று கைபேசியைப் பையோடு மேலேயே வைத்துவிட்டு ஹுஸ்னா இறங்கினாள்.

கத்தியால் சுவரைச் சுரண்டச் சுரண்ட அவளுக்கு ஏதோ உறுத்தியது. மேலே ஒரு சாண் செவலுக்குக் கீழே அடுக்கே இல்லை. கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் கலைத்துப் போட்டது மாதிரி இருந்தது. மூன்றடி ஆழத்தில் ஓட்டுத் துண்டு ஒன்று. இன்னும் கீழே ஒரு நீலக் கயிறு நைந்துபோய் நீட்டிக்கொண்டிருந்தது. நைலான். அப்போதுதான் புரிந்தது. இது இயற்கையாகப் படிந்த மண் அல்ல. எந்தக் காலத்திலோ யாரோ கொட்டி மூடிய இடம். இதிலிருந்து எடுக்கும் எந்த எண்ணும் ஆராய்ச்சிக்கு உதவாது. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கயிறு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கக் குனிந்து இழுத்தாள்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. நெல் மூட்டையை இறக்கிப் போட்டதுபோல் 'தொப்' என்றது. அவ்வளவுதான். நிமிர்வதற்குள் நெஞ்சு வரைக்கும் மண். இடது கை உள்ளே மாட்டிக்கொண்டது. வலது கை மட்டும் வெளியே.

முதலில் காலை உருவப் பார்த்தாள். கால் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடை என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். கத்தலாம் என்று மூச்சை இழுத்து விட்டாள். விட்ட மூச்சுக்கு நெஞ்சு சுருங்கிய இடத்தில் மண் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அடுத்த மூச்சுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று முறை அப்படி ஆனதும் கத்தக் கூடாது என்று தெரிந்துகொண்டாள். நுனி மூச்சாக, வாயளவில் எடுத்து வாயளவில் விட்டாள். கொடுத்த இடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு இருப்பது அவளுக்குப் புதிதாகப் படவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

மேலே கைபேசி அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. யார் என்று தெரியவில்லை. தலைக்கு மேலே விளிம்பில் மிச்சமிருந்த மண் குவியலிலிருந்து பொடி உதிர்ந்து அவள் முக்காட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

மோட்டாரை நிறுத்த வந்த ஒச்சம்மாளுக்கு அந்த மணிச் சத்தம்தான் கேட்டது. யாரும் எடுக்காமல் இவ்வளவு நேரம் அடிக்கிறதே என்று வந்து எட்டிப் பார்த்தார்.

"மண்ணு குவிச்ச பக்கம் வராதீங்கம்மா" என்றாள் ஹுஸ்னா. கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "படி பக்கமா வாங்க. மெதுவா."

ஒச்சம்மாள் சுற்றி வந்து படியில் குந்தினார். "அடப் பாவி மகளே. கெணத்த மூடுன எடம்னு நேத்தே சொன்னேனே. தள்ளித் தோண்டுங்கப்பான்னேன். 'எங்க தோண்டுனாலும் மண்ணு மண்ணுதான்'னு ஒங்க ஆளு சொன்னாப்ல."

"எம்புட்டு ஆழம்மா கெணறு?"

ஒச்சம்மாள் சற்றுத் தயங்கினார். "அறுவது அடி."

ஹுஸ்னாவின் காலடியில் இப்போது நிற்பதற்குத் தரை இருப்பதாகவே தோன்றவில்லை. "எங்கிட்ட எதையாச்சும் பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.

"பேசுறேன் தாயி. நீ வாயத் தொறக்காத."

சொன்னபடி பேசினார். கிணறு வற்றியது, கணவர் அதை ஓட்டையும் உடைசலையும் கொட்டி மூடியது, மூடிய வருடமே அவர் போய்ச் சேர்ந்தது, எல்லாம். பேச்சோடு பேச்சாக, வரப்போரம் கூலிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் மூவரைக் கை காட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

பாக்கியராஜ் வந்து சேர்ந்தார். "ஜேசிபிக்காரன் பக்கத்து ஊர்லதான் நிக்கிறான் மேடம். அஞ்சு நிமிசத்துல அள்ளிரும்."

"வேணாம்ணே. அது வர்ற அதிர்வுக்கே மிச்சச் சுவரும் விழுந்துரும்."

"அப்பக் கையப் புடிச்சு இழுத்துர்றேன்."

"இழுக்காதீங்க. கை மட்டுந்தான் வரும்." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, கிசுகிசுத்தாலும் குரல் வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாக வந்தது. "மொதல்ல தீயணைப்புக்குப் போன் போடுங்க. அப்பறம் அந்தக் குவியல அந்தாண்ட பக்கமிருந்து அள்ளித் தூர எறிங்க. மோட்டார் ரூம் கதவு, தகரம், என்ன கெடைக்குதோ கொண்டாந்து சுவருக்கு முட்டுக் கொடுங்க. அதுக்கப்பறந்தான் யாரும் எறங்கணும்."

கதவைக் கழற்றினார்கள். தகரம் வந்தது. கைபேசி திரும்பவும் அடிக்க, பாக்கியராஜ் எடுத்தார். "பிராங்கிளின் சார் மேடம்."

"என்ன சொல்றார்?"

பாக்கியராஜ் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "சாம்பிள் எடுத்தாச்சான்னு கேக்குறாரு."

அவரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே பாக்கியராஜ் தள்ளிப் போனார். மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று ஹுஸ்னா கேட்கவில்லை.

முட்டுக் கொடுத்ததும், யார் தடுத்தும் கேளாமல் ஒச்சம்மாள்தான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். "நாந்தான் சதையில்லாத ஆளு. நான் எறங்குனாப் பாரம் இருக்காது" என்றார். சட்டியால் நெஞ்சைச் சுற்றி மண்ணைக் கோரிக் கோரி மேலே நீட்டினார். பெண்கள் வாங்கி வாங்கிக் கொட்டினார்கள். ஒரு சட்டி எடுத்தால் அரைச் சட்டி திரும்பச் சரிந்தது. இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் விலா எலும்பு வெளியே வந்துவிட்டது. ஹுஸ்னா முழுசாக ஒரு மூச்சு இழுத்தாள். வலியில் கண் இருண்டது. ஒச்சம்மாள் அவள் முகத்தில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்து, பலகைகளை இறக்கி, இடுப்பில் பட்டையைக் கட்டி அவளைத் தூக்கியபோது மணி மூன்று. இரண்டு விலா எலும்பில் விரிசல். இடது முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு பிராங்கிளின் வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். "நா ஒன்னைய அனுப்பியிருக்கக் கூடாதும்மா" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சன்னலைப் பார்த்தபடி, "கால் சரியாகட்டும். வேற எடம் பாத்துக்கலாம். அவசரமே இல்ல" என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பீர் முகமது தலையை நிமிர்த்தினார்.

"வேற எடம் வேணாம் சார்" என்றாள் ஹுஸ்னா. "ஏழுதான்."

"எட்டு இல்லாம அந்த அத்தியாயம் நிக்காது."

"நிக்காட்டி விழட்டும் சார். நா இனிமே குழியில எறங்க மாட்டேன்."

பிராங்கிளின் எழுந்துகொண்டார். அவர் போன பிறகு பீர் முகமது கேட்டார்: "ஏழு வருசமா இவர்தானா?" அவள் தலையை ஆட்டினாள். "நா வேற என்னமோ நெனச்சேன்" என்றார். "ஒனக்குத்தான் படிப்பு வரலயோன்னு." அதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வழிகாட்டியை மாற்றித் தரும்படி ஹுஸ்னா மே மாதம் விண்ணப்பம் எழுதினாள். துறையில் யாரும் முன்வரவில்லை. இன்னொருவருடைய மாணவியை எடுத்துக்கொண்டால் அறைக்கு அறை பேச்சு வரும். ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பொறுத்துப் போம்மா" என்றார். ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. கையெழுத்துக்காக வைத்த ஆய்வேடு பிராங்கிளின் மேசையில் அப்படியே கிடந்தது. ஏழு குழிகளோடு எட்டாவதையும் அவள் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள்: மூடப்பட்ட கிணறு, கணக்கில் சேர்க்கவில்லை, நிலத்துக்காரர் முன்கூட்டியே சொன்னார், கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் அறை வாசலில் போய் நிற்பாள். வகுப்பு எடுக்கச் சொல்வார். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பாள். அவர் வேறு எங்காவது பார்ப்பார்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டரைக்கு, அவள் உள்ளே போகும் முன்பே அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி படித்தார். நீக்கச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சொல்லவில்லை. நான்கு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

"திங்கக்கெழம முதலாண்டுப் பசங்களுக்குச் செய்முறை வகுப்பு இருக்கு" என்றார் தலையைத் தூக்காமல். "யாரு எடுப்பா?"

கேட்ட குரலில் அதிகாரம் இல்லை. உண்மையாகவே விடை தெரியாத மனிதரின் குரல். அறுபதை நெருங்கும் அந்தத் தலையில் வழுக்கை விழுந்த இடத்தை அவள் பார்த்தாள். நானே எடுக்கிறேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியல சார்" என்றாள்.

பிரதிகளை வாரி எடுத்துக்கொண்டாள். ஆய்வேட்டை வாங்கும் தேர்வுப் பிரிவு ஒரு மணிக்கு மூடிவிடும், மறுநாள் விடுமுறை. காலை இழுத்து இழுத்து, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் வேகமாக இறங்கினாள்.